ஒன்றரைக் கட்டை

கெசீன தோர்ன் பாடிய கடைசி நான்கு இசைத்தட்டுகளையும்
தொங்கு ரயிலை வைத்து அளந்திருக்கிறேன்.
ஓபர்பார்மனில் ஏறி ஃபோவிங்கலில் இறங்க
அரை மணித்தியாலம்.
கீழே வுப்பர் ஆறு, சொன்போர்ன் தாண்டினால் தெரு,
காதுக்குள் அவள்.

ஐம்பத்திரண்டு வயதில் வந்தது 'உப்பு.'
நாற்பத்தேழு நிமிடம்.
இறங்கி, முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய்,
ஏப்ரன் கட்டி, உருளைக்கிழங்கில் பாதி உரித்தாலும் முடியாது.
ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் யாரோ ஒரு பெடியன்
மெஷினில் தகரம் தட்டுகிறான்.
மகளின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு
கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி
கையை இழுத்து இழுத்து விடுகிறாள்.
ஆனாலும் ஆறாவது பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
அந்தக் கிழமைதான் எனக்கு வதிவிட அனுமதி வந்தது.

இரண்டாவது, 'வாடகைக்கு ஒரு கடல்.'
எல்லோரும் வாங்கினார்கள்.
பல் வைத்தியரின் வரவேற்பறையிலும் ஓடியது.
குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.
எங்கே வைத்தேன் என்றும் ஞாபகமில்லை.

பிறகு அவள் தொண்டையில் கத்தி வைத்தார்கள்.
மூன்று வருடம் சத்தமில்லை.

டாக்மார் சொல்கிறாள், நான்காவதுதான் உச்சமாம்.
அறுபத்தேழு வயது, ஒற்றைப் பியானோ,
அட்டையில் கறுப்பு வெள்ளையில் நரைமுடி.
பத்திரிகை ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறது.
"முதுமையின் கம்பீரம்" என்று
காரட்டை நறுக்கியபடியே வாசித்துக் காட்டினாள்.

"டாக்மார், இந்த இல்லத்தில் எழுபத்தாறு முதுமை இருக்கிறது.
ஒன்றிலாவது கம்பீரம் கண்டாயா?"
"ஃப்ராவ் கெம்பர்," என்றாள், யோசிக்காமலே.
சரி. ஃப்ராவ் கெம்பர்.

ஆனால் நான்காவதில் அவள் மூச்சு வாங்குவதே இல்லை.
காதை வைத்துக் கேட்டுப் பார்.
வரிக்கும் வரிக்கும் நடுவில் கழுவித் துடைத்த தரை.
அரிசியில் கல் பொறுக்குவது போல
யாரோ உட்கார்ந்து
ஒவ்வொரு மூச்சாகப் பொறுக்கி எறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவதில்,
யாரும் வாங்காத 'பின்கதவில்,'
எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது.
நாலாம் பாட்டுக்கு முன்னால் எச்சில் விழுங்குகிறாள்.
கதிரை கிறீச்சிடுகிறது.
இருபத்தாறு வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடிய பாட்டை
நாலு கட்டைக்கு இறக்கித் திரும்பப் பாடுகிறாள்.
அப்படியும் மேலே ஏறவேண்டிய இடத்தில்
முதற்படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு
கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நிற்கிறாள்.
பியானோக்காரன் தனியே மேலே போய்
அவளுக்காகத் திரும்பி வருகிறான்.

"கட்டை என்றால்?" என்றாள் டாக்மார்.
சுருதி, என்றேன்.
விறகும் கட்டைதான்.
சாகும்வரை சுமக்கிற இந்த உடம்பையும்
எங்கள் ஆட்கள் கட்டை என்பார்கள்.
"பிறகு எதை எதென்று எப்படி விளங்கும்?"
சூப் பொங்கியது எனக்கு ஒரு சாட்டாகப் போயிற்று.

'பின்கதவு' முப்பத்தொரு நிமிடம்.
ஃபோவிங்கலில் கதவு திறக்கும்போது
கடைசிப் பாட்டில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்.
அதை மேடையில் நின்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன்.
இரண்டு தடவை வேலைக்குப் பிந்தி
எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருக்கிறேன்.

போன ஞாயிறு, ரயில் பாதைக்குக் கீழே
பழைய சாமான் சந்தை.
வாழைப்பழப் பெட்டிக்குள் கெசீன நால்வராக நின்றாள்.
நான்காவது பன்னிரண்டு யூரோ.
'வாடகைக்கு ஒரு கடல்' ஐந்து. 'உப்பு' மூன்று.
'பின்கதவு,' மூலை நசுங்கி, ஒன்று.

இரண்டு தருகிறேன், என்றேன்.
எனக்கு டொய்ச் விளங்காது என்று நினைத்து
விற்பவன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான்.
மூன்று, என்றேன்.
அவன் டாக்மாரைப் பார்த்தான்.

டாக்மார் நான்காவதை உருவியெடுத்து
பேரம் பேசாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு,
பன்னிரண்டு யூரோவையும் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
அவளிடமும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.